நோவறியா நோயாளர்

நோய் என்னுஞ் சொல் நோ என்னும் அடியிற் பிறந்ததென்பதைக் கீழ்வகுப்பு மாணாக்கருக்கும் யாம் சொல்லிக்கொடுப்பதுண்டு. நோவச் செய்வது நோய். நோவு இல்லையேல் நோயும் இல்லை என்பது சொல்லிலக்கணம் மாத்திரமன்று. நம் வீடுகளில் வழங்கும் வைத்திய இலக்கணமும் அதுவே. பிள்ளை சுருண்டு படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றோம். எழுந்து ஓடி விளையாடினால் ஒன்றுமில்லையென்று விட்டுவிடுகின்றோம். இவ்விலக்கணத்துக்கு அடங்காத நோயொன்று நம் நாட்டில் நெடுங்காலமாக நிலைகொண்டிருக்கின்றது. அது டெங்கு. டெங்கு வைரசு உடலிற் புகப்பெற்றோருட் பெரும்பாலார் நோவதேயில்லை. நொந்தாலும் ஒருநாள் தலையிடி, ஒருநாள் உடல் அலுப்பு என்ற அளவில் நின்றுவிடும். ஆயினும் அவருடைய குருதியைக் குடித்த நுளம்பு, சில நாள் கழித்து அயல்வீட்டுப் பிள்ளையின் உயிருக்கே கூற்றாகவும் வல்லது.

யாம் விஞ்ஞான ஆசிரியரல்லேம். தமிழ் படிப்பிக்கப் பயிற்றப்பட்டவரேம். விழா மலரிலே பழைய அதிபர்களின் அருமை பெருமைகளைப் பேசவேண்டிய பக்கத்தில் நுளம்பைப் பற்றிப் பேசப் புகுந்தது என்னையெனச் சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். பெருமை பேசுவோர் இம்மலரிற் பலருளர். விழாவை முன்னிட்டுப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் ஒரு வளவிலே கூடும் இவ்வேளையில், நலமாக வந்து நலமாகத் திரும்புவோரைப் பற்றிச் சொல்லவேண்டிய செய்தியொன்று எம்மிடம் உண்டு. அதனைச் சொல்லுதற்கு இதனினும் பொருத்தமான இடத்தை யாம் காணவில்லை.

இலங்கையில் டெங்கு உண்டென்பது 1962 ஆம் ஆண்டிலே ஆய்வுகூடச் சோதனையால் உறுதியாயிற்று. 1989 ஆம் ஆண்டிலிருந்து குருதிப்பெருக்கோடு கூடிய கடுமையான டெங்கு இங்கு நிலைத்துவிட்டது. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயாளராகப் பதியப்பட்டனர். 400 பேருக்கு மேல் இறந்தனர். இவையெல்லாம் வைத்தியசாலை வாயிலை மிதித்தோரின் எண்கள். மிதியாதோர் எத்துணையர்? 2013 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தினர் முதலான அறிஞர்கள் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் ஒரு கணிப்பை வெளியிட்டனர். அதன்படி உலகில் ஓராண்டில் நிகழும் டெங்குத் தொற்றுக்கள் ஏறக்குறைய 39 கோடி. அவற்றுட் குணங்குறி காட்டுபவை 9 கோடியே 60 இலட்சம். அஃதாவது நாலு பேரைத் தொற்றினால் மூவர் அதனை அறியார். நம் தலைநகரிலும் நிலைமை இதுவே. கொழும்பின் நெருக்கமான பகுதியொன்றில் ஏறத்தாழ 800 சிறுவரைத் தொடர்ந்து கவனித்து எழுதப்பெற்ற ஆய்வு 2014 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆய்வு தொடங்கிய அன்றே அச்சிறுவருட் பாதிக்கு மேற்பட்டோரின் குருதியில் டெங்கு வந்துபோன சுவடு காணப்பட்டது.

சரி, நோவாதவர் பலராயின் ஆகட்டும். அவரால் வரும் தீங்கு யாது என்று கேட்கலாம். அறிஞருட் பலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். நோவாதவர் குருதியில் வைரசு சொற்பமாகவே இருக்கும், நுளம்பைத் தொற்றுதற்கு அது போதாது என்பது அவர் கருத்து. அக்கருத்தை அசைத்தது கம்போடியாவில் உள்ள பஸ்தேர் நிறுவகத்தார் நடத்தி 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி. நோயாளி ஒருவர் காணப்பட்டதும் அவர் வீட்டாரையும் அயலாரையும் தேடிச் சென்று குருதி சோதித்தனர். தொற்றுள்ளவர் என அறியப்பட்டு ஆய்விற் சேர்ந்தோர் 181 பேர். அவருள் 13 பேர் முதல் முடிவு வரை ஒரு குணங்குறியும் இல்லாதோர். ஆய்வுகூடத்தில் வளர்த்த தூய நுளம்புகளுக்கு இவர்கள் அனைவரின் குருதியும் ஊட்டப்பட்டது. குருதியில் உள்ள வைரசின் அளவு ஒத்திருக்குமிடத்து, நோவாதோரும், இன்னும் காய்ச்சல் தொடங்காத நிலையில் இருந்தோரும், படுத்த நோயாளரிலும் பார்க்கக் கூடுதலாக நுளம்புகளைத் தொற்றினர் என்பது கண்ட முடிபு.

மூவாண்டு கழித்து, 2018 ஆம் ஆண்டில், இத்தகைய தரவுகளைக் கணித முறையாற் கோத்துப் பார்த்தனர் வேறு சிலர். மனிதரிடமிருந்து நுளம்புக்குச் செல்லும் தொற்றில் 84 வீதம் வரை, குணங்குறி வெளிப்படாதோரிடமிருந்து செல்லக்கூடும் என்பது அவர் மதிப்பீடு. பின்னர் நோய்ப்படுவோரும் தாம் பரப்புவதில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் காய்ச்சல் தொடங்குமுன்னரே பரப்பிவிடுகின்றனர். பதிவேட்டில் ஏறிய நோயாளி, காய்ச்சல் கண்டபின் நுளம்புக்குக் கொடுப்பதோ நூற்றில் ஒரு பங்கு. கணித மதிப்பீடு ஆதலின் இவ்வெண்களைக் கல்லில் வெட்டிவைக்க வேண்டியதில்லை. 84 என்பது 60 ஆகலாம். ஒன்று என்பது ஐந்தாகலாம். ஆனாலும் நாம் காவல் போட்டிருக்கும் வாயில் ஒன்று, கள்ளன் வரும் வாயில் வேறொன்று என்பது மாறாது.

சற்றே சிந்திப்பின் இதில் வியப்பில்லை. நோயுற்றவன் படுக்கையிற் கிடக்கின்றான். வைத்தியசாலையில் வலைக்குள் வைக்கப்படுகின்றான். நோவில்லாதவனோ பாடசாலைக்குப் போகின்றான். மாலையில் ரியூசன் கொட்டிலில் இருக்கின்றான். சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குச் செல்கின்றான். டெங்கு நுளம்பு நெடுந்தூரம் பறப்பதன்று. தான் பிறந்த வளவையும் அயலையும் சுற்றித் திரிந்தே மடிவது. வைரசை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வது நுளம்பின் சிறகன்று, மனிதனின் கால். பெரு நாட்டின் இக்கீற்றோஸ் நகரில் நடந்த ஆய்வொன்று, 2013 ஆம் ஆண்டில், இதனையே வேறு வழியால் நிறுவிற்று: சுற்றத்தாரும் நண்பரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவதே அங்கு டெங்கு பரவிய வழி.

இனி, நம் ஊர்களில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ குருதி சோதிக்கின்றனர். டெங்கு எனத் தெரிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கப்படுகின்றது. அவர் வருகின்றார், வளவைப் பார்க்கின்றார், ஒழுங்கையிற் புகை அடிக்கப்படுகின்றது. அயலார் வாயிலில் நின்று பார்த்துவிட்டு, செய்யவேண்டியது செய்தாயிற்று என்ற நிறைவோடு உள்ளே போகின்றனர். இதிலுள்ள கணக்கை விரலை மடித்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். நுளம்பு கடித்த பின் காய்ச்சல் தோன்றப் பெரும்பாலும் 4 முதல் 10 நாள் வரை செல்லும். அந்நுளம்பு யாரோ ஒருவரிடம் வைரசை உண்டு, அது அதன் வயிற்றில் பெருகி உமிழ்நீரை அடைய 8 முதல் 12 நாள். இரண்டையுங் கூட்டின் 12 முதல் 22. சோதனைக்கும் அறிவித்தலுக்கும் புகைக்கும் ஆகும் நாட்களை அதன்மேல் வைத்தால், அந்த யாரோ ஒருவர் நுளம்புக்கு இரையாகி இரண்டு கிழமைக்குக் குறையாமல், மூன்று கிழமைக்கு மேலாகவும், சென்றிருக்கும். அவர் இதற்கிடையிற் கொழும்புக்குப் போய் வந்திருப்பார். கலியாண வீட்டில் உண்டிருப்பார். தமக்கு ஏதோ நேர்ந்ததென்பதை இறக்கும்வரை அறியார். அவரைக் கடித்த நுளம்பு பலரைக் கடித்து முட்டையும் இட்டிருக்கும். புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும். முட்டையையும் குடம்பியையும் அது தொடாது. உலர்ந்த சட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கிற் கிடந்து, மழை கண்டவுடன் பொரிக்கும்.

நோயாளி வீட்டைச் சுற்றிச் செய்யும் பணி வேண்டாமென்று யாம் சொல்ல வரவில்லை. அது வேண்டும். ஆனால் அது கதையின் கடைசி ஏடு. முதல் ஏடு என்று எண்ணி அதிலேயே நிற்கின்றோம் என்பதே எம் முறைப்பாடு.

இதனால் விளையும் தீங்கு நோயோடு முடிவதில்லை. பழியுஞ் சேர்கின்றது. ஒழுங்கையொன்றில் ஒரு குடும்பத்துப் பிள்ளை டெங்குவால் வைத்தியசாலையிற் கிடந்தபோது, அயலார் அவ்வீட்டுக் கிணற்றடிப் பக்கம் போகாதிருந்ததையும், "அவர்களின் ஊத்தையால் வந்தது" என்று வேலிக்கு மேலாற் பேசியதையும் யாம் கேட்டதுண்டு. அப்பிள்ளையின் தமையனைச் சில நாள் பாடசாலைக்கு அனுப்பவேண்டாமென்று சொன்னோரும் உளர். மேலே கண்ட கணக்கின்படி அவ்வீடு நோய் தொடங்கிய இடமாக இருத்தல் அரிது. வந்து சேர்ந்த இடமாகவே இருக்கும். தொடங்கிய இடம் பழி சொன்னவரின் முற்றமாகவும் இருக்கலாம். அங்கே எல்லாரும் நலமாக இருந்தமையே அவ்வீட்டுக்குக் கேடயமாயிற்று.

அவ்வாறாயின் நலமுள்ளோரையெல்லாம் பிடித்துச் சோதிப்பதா என்று ஒருவர் கேட்பார். வேண்டா. அமெரிக்காவிலே மேரி மலன் என்னும் சமையற்காரி நெருப்புக் காய்ச்சற் கிருமியைத் தாம் நோவாது சுமந்து பலருக்குக் கொடுத்தார் என்று 1907 ஆம் ஆண்டிற் கண்டுபிடித்துத் தனித்து வைத்தனர். 1910 இல் விடுவித்து, 1915 இல் மீண்டும் அடைத்தனர். 1938 இல் அவர் இறக்கும்வரை அத்தனிமை நீங்கவில்லை. டெங்கு அத்தகையதன்று. நோவாதவர் குருதியில் வைரசு சில நாளே தங்கி அழிந்துபோம். அவரைத் தேடிக் கண்டுபிடிக்குமுன் அவரிடத்துத் தேடப்படும் பொருள் இராது. ஆகவே அவரைச் சந்தேகிப்பதும் வீண், விலக்குவதும் வீண். நுளம்பைத்தான் இல்லாமற் செய்யவேண்டும். 2020 ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது நலமுள்ளோரும் முகத்தை மூடியது ஏனென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். டெங்குவுக்கும் அதே நியாயந்தான். மூடவேண்டியது முகமன்று, தண்ணீர்த் தொட்டி.

எனக்கு வந்தது நோவாமலே போய்விட்டது, நான் தப்பினேன் என்று ஒருவர் மகிழ்தற்கும் இடமில்லை. டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒருவகை வந்துபோனால் அவ்வகைக்கு மாத்திரமே நீண்ட பாதுகாப்பு. பின்னர் வேறொரு வகை புகுமிடத்து முன்னைய தொற்று அதனைக் கடுமையாக்கவுங் கூடும். கியூபாத் தீவில் 1977 ஆம் ஆண்டில் முதலாம் வகை பரவியது. மக்கட் பெருந்தொகையினரைத் தொற்றியும் பெரும்பாலும் மெலிதாகவே சென்றது. நாலாண்டின் பின், 1981 இல், இரண்டாம் வகை வந்தது. 3 இலட்சத்து 44 ஆயிரம் பேர் நோய்ப்பட்டனர். 158 பேர் இறந்தனர். அவருள் 101 பேர் பிள்ளைகள். முதன்முறை நோவாது சென்றதன் விலை இரண்டாம் முறை கொடுக்கப்பட்டது.

எமது கல்லூரி வளவுக்கு வருவோம். டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும், மாலை சாயும் வேளையிலும் அதற்குப் பசி மிகுதி. நிழலான இடத்தில், மேசைக்குக் கீழே, காலைத் தேடிக் கடிக்கும். அரைக்காற்சட்டை அணிந்த நாற்பது பிள்ளைகள் ஓர் அறையிலே காலை முழுவதும் அசையாது இருக்கவேண்டுமென்று சட்டமிட்டிருப்பது நாம். நாற்பது வீட்டிலிருந்து வரும் நாற்பது குருதி ஒரே கூரையின்கீழ்க் கிடைப்பது நுளம்புக்கு வேறெங்கு வாய்க்கும்? வீட்டில் இரவு வலை கட்டும் தாய்மார், பகலில் தம் பிள்ளை இருக்கும் இடத்தை எம்மை நம்பி விட்டிருக்கின்றனர்.

குடாநாட்டில் மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும். அம்மழை நிற்குந் தறுவாயில் விடுமுறை. பூட்டிய வளவில் யாரும் இல்லை. தண்ணீர் மாத்திரம் இருக்கின்றது. முட்டை நுளம்பாவதற்கு எட்டுப் பத்து நாள் போதும். விடுமுறைக்குக் கொழும்பிலும் பிறவூர்களிலும் உறவினர் வீட்டில் நின்ற பிள்ளைகள் தை பிறக்கத் திரும்பி வருகின்றனர். அவருள் யாரேனும் ஒருவர் வைரசோடு, ஆனால் சிரித்த முகத்தோடு, வந்தால் ஆயத்தமான நுளம்புக் கூட்டம் வரவேற்கும். வரவுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வழமைபோல் வரவு என்றே குறிப்போம்.

நன்னீரில் மாத்திரமே இந்நுளம்பு வளரும் என்னும் துணிவும் நமக்கு உதவாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்நீர் தேங்கிய பாழ்கிணறுகளிலும், கைவிட்ட வள்ளங்களிலும், எறிந்த பிளாஸ்டிக் பாத்திரங்களிலும் அதன் குடம்பிகள் வளர்வதை நம் நாட்டு ஆராய்ச்சியாளரே 2011 ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். கரையூர்ப் பிள்ளைகள் பலர் இங்கே படிக்கின்றனர் என்பதால் இதனைச் சொல்கின்றோம்.

பாடசாலைகளிற் சிரமதானம் நடவாமலில்லை. யாரேனும் ஒரு பெரியவர் வருகை தரும் முதல்நாள் அது நடக்கும். அன்றேல் ஒரு மாணவன் வைத்தியசாலையிற் சேர்ந்த மறுநாள் நடக்கும். இரண்டும் காலங் கடந்தவை. முதலாவது காட்சிக்காக, இரண்டாவது அச்சத்துக்காக. முற்றம் கூட்டுவதே துப்புரவு என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றியுள்ளது. காய்ந்த சருகில் நுளம்பு பிறவாது. கூட்டாத மூலையிற் கிடக்கும் சிரட்டை, இளநீர்க் கோம்பை, விளையாட்டுப் போட்டியன்று எறிந்த ஐஸ்கிறீம் கோப்பை, பூச்சாடியின் கீழ்த்தட்டு, கொடிக்கம்பத்தைச் சுற்றி அழகுக்காகப் பதித்த ரயர், ஆய்வுகூடத்தின் பின்னே உடைந்த கண்ணாடிப் பாத்திரம், பாவனையற்ற மலசலகூடத்துத் தொட்டி, இவற்றிலே பிறக்கும். சரஸ்வதி பூசைக்கு வைத்த கும்பச் செம்பும், பூசை முடிந்து களஞ்சிய அறைக்குப் பின்னே நீரோடு கிடக்குமாயின், விலக்கன்று.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருத்தலையே குற்றமாக்கியுள்ளது. அவ்வளவில் நோயாளி உண்டா இல்லையா என்று அது கேட்பதில்லை. சட்டம் சரியான இடத்திலே விரலை வைத்திருக்கின்றது, பழக்கந்தான் பின்தங்கிவிட்டது. வேறு நாட்டாரும் இத்திசையிலேயே செல்கின்றனர். இந்தோனேசியாவின் யோக்கியகர்த்தா நகரில், வோல்பக்கியா என்னும் பற்றீரியாவை நுளம்பிற் புகுத்தி விடுவித்த பகுதிகளில் டெங்கு நோயாளர் தொகை 77 வீதம் குறைந்ததென்று 2021 ஆம் ஆண்டில் அறிவித்தனர். நோயாளியைத் தேடாமல் நுளம்பையே மாற்றிய முறை அது. நம் கல்லூரிக்கு அத்தகைய பெருமுயற்சி எட்டாது. கிழமைக்கு ஒரு முறை அரைமணி நேரம் எட்டும். முட்டை நுளம்பாகும் காலத்துக்கு ஒருநாள் முன்னதாக நீரைக் கவிழ்த்தால் போதும் என்பதால், ஏழு நாளுக்கு ஒருமுறை என்பது தானே அமைகின்றது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையிற் பாதியை இதற்கு விடலாம். எம் தமிழ்ப் பாடம் அவ்வேளையில் வரும் வகுப்புக்கள் இரண்டு. அவற்றைக் கொடுத்துவிட யாம் ஆயத்தம். விடுமுறைக் காலத்துக்குக் காவலாளியோடு ஆசிரியர் இருவர் முறைவைத்து வந்து பார்த்தல் வேண்டும். விடுமுறையில் ஆசிரியரை அழைப்பது எளிதன்று என்பதையும் அறிவோம். ஆசிரிய அறையில் இதனை முதன்முறை சொன்னபோது எழுந்த சிரிப்பு இன்னும் எம் காதிலுண்டு.

பழைய மாணவரிடம் ஒன்று கேட்போம். கொழும்பிலிருந்து இரவு பஸ்வண்டியில் வந்து காலை ஊர்வலத்திற் கலந்துகொள்ளும் அன்பர்களை வரவேண்டாமென்று யாரும் சொல்லார். வருக. உங்களுள் ஒருவர் தாமறியாது வைரசைச் சுமந்து வந்தாலும், கடிக்க நுளம்பில்லாத வளவில் அது அவரோடே வந்து அவரோடே அழியும். அத்தகைய வளவை ஆக்கி வைப்பது எங்கள் கடமை. அதற்குப் பொருள் வேண்டும். விழா நினைவாக வாயிலில் அலங்கார வளைவு ஒன்று எழுப்ப நிதி திரட்டப்படுவதாகக் கேள்வியுற்றோம். வளைவு அழகாயிருக்கும், அதிற் கல்லூரியின் பெயர் தூரத்தே தெரியும். வடபுறக் கட்டடத்தின் கூரைப்பீலியோ நடுவிலே தொய்ந்து, மழை விட்ட பின்னும் நாட்கணக்கில் நீரைத் தாங்கி நிற்கின்றது. அதன்கீழே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கின்றனர். மேற்றளத்துத் தண்ணீர்த் தாங்கிகள் இரண்டுக்கு மூடியில்லை. பீலியை முற்றாகக் கழற்றி, நீர் நேரே நிலத்தில் விழுந்து வாய்க்காலால் ஓடச் செய்தலே சிறந்ததென்று மேசன் ஒருவர் எம்மிடம் கூறினார். வளைவுக்கு ஆகும் செலவிற் சிறுபங்கே அதற்காகும். வளைவை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். பீலிவேலை வருகின்ற ஐப்பசிக்கு முன் முடியவேண்டும்.